ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழிந்த எச்சில்

தவக்காலத்து முதல் ஞாயிறு அது. நன்மை வாங்கிவிட்டு என் இடத்துக்குத் திரும்பி வந்து முட்டி போட்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தேன். கையில் ஏதோ சொட்டியது. மேலே பல்லி கில்லி இருக்குமோ என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு சொட்டு விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, அது என் வாயிலிருந்து வருகிறதென்று. இடது கடைவாயிலிருந்து தாடை வரைக்கும் ஈரம். பல் முளைக்கிற பிள்ளைக்கு ஒழுகுமே, அந்த மாதிரி.

முந்தானையால் துடைத்தேன். துடைத்த பிறகுதான் பயம் பிடித்தது.

நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம். காகிதம் போல மெல்லிசாக, வெள்ளையாக, வட்டமாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அப்பம். எங்களுக்கு அது ஆண்டவரே. இப்போது பலபேர் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். நான் நாக்கை நீட்டி வாங்குகிற பழைய ஆள். சின்னப் பிள்ளையில் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்று விஷயம். நன்மை பல்லில் படக்கூடாது. நாக்கிலேயே கரையவிட்டு விழுங்க வேண்டும். வாங்கிய பிறகு எச்சில் துப்பக்கூடாது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. படித்த கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. இந்த மூன்றும் மறக்கவில்லை.

அப்படியிருக்க, என் முந்தானையில் இருந்தது வெறும் எச்சிலா, அதில் ஆண்டவரும் இருந்தாரா? வீட்டுக்குப் போனதும் அந்த முந்தானையை மட்டும் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் அலசினேன். அந்தத் தண்ணீரை யார் காலும் படாத இடமாகப் பார்த்து, பின்னால் செம்பருத்திச் செடியின் வேரில் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பொதுவாகவே வாய் குறைச்சல். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு உள்ளே போய்விடும். எச்சில் ஒழுகிய கதையை எந்த வாயால் சொல்வேன்?

அப்போது எனக்கு அதிகக் கவலை இல்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அது என் புதுப் பல் செட்டு.

எனக்குப் பல்லெல்லாம் விழுந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. குழைந்த சோறும் ரசமுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ஒற்றைக் காலில் நின்று, "அம்மா, உனக்குப் பல் கட்டியே ஆகணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். ஷிப்டு ஷிப்டாக ஓவர்டைம் பார்த்துச் சேர்த்து, லீவு போட்டு என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பல் கைக்கு வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வாயில் மாட்டிவிட்டு, "எப்படி இருக்குங்கம்மா?" என்றாள். வாய்க்குள் யாரோ குடிவந்த மாதிரி இருந்தது. "நல்லா இருக்குங்க" என்றேன்.

"மொதல்ல எச்சி ரொம்ப ஊறும். பயந்துறாதீங்க. வாய்க்கு அது பல்லுன்னு தெரியாது, ஏதோ திங்கிற பண்டம் வந்திருக்குன்னு நெனச்சு தண்ணியா விடும். ரெண்டு வாரத்துல பழகிரும்."

அவள் வேறு என்னென்னவோ சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ரெண்டு வாரம் என்பது மட்டும் மனதில் நின்றது.

வீட்டுக்கு வந்து அந்தப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மகள் எத்தனை இரவு கண் விழித்த உழைப்பு அது. அதைப் போட்டுக்கொண்டு முறுக்கையும் வேர்க்கடலையையும் கடித்துத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. கழுவித் துடைத்து, ஈரம் போக வெயிலில் காட்டி, அவர்கள் கொடுத்த டப்பாவில் வைத்தேன். டப்பாவைப் பழைய பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நல்ல சேலையை எதற்கு எடுப்போம்? கோவிலுக்கும் கல்யாணத்துக்கும்தானே. பல்லும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

மகள் தினமும் ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் வரும்போது போன் பண்ணுவாள்.

"பல்லு போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன்த்தா."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாப் பழகிருச்சு."

தினமும் இதே கேள்வி, இதே பதில். பொய் சொல்லும்போது என் கண் பீரோவின் பக்கம் போகும்.

இரண்டாம் ஞாயிறு பல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். வாசகம் வாசிக்கும்போதே வாய் நிறைந்துவிட்டது. விழுங்கினால் உடனே மறுபடி ஊறியது. நன்மைக்கு எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். நான் எழவில்லை. இன்னும் ஒரு வாரம்தானே என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. டாக்டரம்மா சொன்ன ரெண்டு வாரமும் தாண்டிவிட்டது. நம்பிக்கையோடு போட்டுக்கொண்டு போனேன். முதல் வாரத்தைவிட மோசமாக ஊறியது. அப்படியானால் இது பல்லால் வந்தது இல்லை என்று முடிவு பண்ணினேன். படித்த டாக்டர் சொன்ன கெடு பொய்யாகுமா?

என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வீட்டில் இருக்கிறாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளும் என்னைப் போல வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவள். ஆனால் என்னிடம் இல்லாத பேச்செல்லாம் அவளிடம் உண்டு. கோவிலில் இருந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மதினி, ரெண்டு வாரமா நன்மைக்கு எந்திரிக்கல? யாரை வெட்டிப் பொதைச்ச?"

"வயிறு சரியில்லடி."

"வயித்துக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்? பின்னாடி பெஞ்சுல இருக்கவ என்ட்ட கேக்குறா, உங்க மதினி யாரோடயும் சண்டையான்னு. உனக்குச் சண்டை போடத் தெரிஞ்சா நான் ஏன் இம்புட்டுப் பேச வேண்டியிருக்குன்னேன்."

பாவமோ பகையோ மனதில் இருக்கிறவர்கள்தான் எங்கள் கோவிலில் நன்மைக்கு எழ மாட்டார்கள். நான் வேகமாக நடந்தேன். அவள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கைக்குட்டை நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"என்னது இது? வாநீர் வடியுதா? ஆத்தாடி, வாதம் வரப்போகுது மதினி! எங்க சின்ன மாமியாளுக்கு இப்படித்தான் கடைவாயில வடிஞ்சுச்சு. மறு வாரம் வாய் கோணிப்போச்சு. எங்க, ஈன்னு காட்டு."

நடுத்தெருவில் என்னை ஈ என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். புளிப்பு பட்டதும் ஊறுவது இரண்டு மடங்கானது. கிராம்பு கடிக்கச் சொன்னாள், நாக்கு வெந்தது. நானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை மதியத்தில் இருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பங்குனி வெயிலில் அப்படிக் கிடந்தால் என்ன ஆகும்? ஞாயிறு காலை பூசையில் தலை சுற்றியது, ஆனால் எச்சில் மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் நாத்தனார் என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வார நாளானதால் நான் பல் போட்டுக்கொள்ளவில்லை. அவள் சத்தமாகப் போன் பேசிக்கொண்டே வந்ததால் வாசலில் இருந்த ஆள் அவளை நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டான்.

டாக்டர் பொறுமையான மனிதர். கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்லித் தொண்டை ஏறி இறங்குவதைக் கவனித்தார். தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, நெஞ்செரிச்சல் உண்டா, படுக்கும்போது தலையணை நனையுமா, தொண்டை வலிக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன்.

"எச்சி எல்லாருக்கும் நாள் முழுக்க ஊறிக்கிட்டேதான்மா இருக்கும். நாம முழுங்குறது நமக்கே தெரியாது. ஊறுறது கூடுனாலும் வழியும், முழுங்குறது கொறைஞ்சாலும் வழியும். வயசானவங்களுக்கு நிறையப் பேருக்கு ரெண்டாவதுதான். உங்களுக்கு முழுங்குறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாயத் திறங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். "புண் எதுவும் இல்ல. சொத்தைப் பல்லு இருந்தாலும் ஊறும். உங்களுக்குப் பல்லே இல்ல போல."

நான் தலையாட்டினேன். பல் பீரோவில் இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"சரி, இது எப்ப எப்ப வருது?"

"ஞாயித்துக்கெழம காலைலங்கய்யா."

"மத்த நாள்ல?"

"வராதுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்சும் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டுமா? வழிஞ்சுக்கிட்டு இருக்கும்போது பாத்தாத்தான்மா சொல்ல முடியும். ஆனா ஞாயித்துக்கெழம இங்க ஓ.பி. கெடையாதே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பக்கவாதத்துக்கு அறிகுறி ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சொல்லில் நாத்தனாருக்கு நிம்மதி வந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. உடம்பில் குறை இல்லை. வார நாளில் வருவதில்லை. கோவிலுக்குள் போனால் மட்டும் வருகிறது. அதுவும் நன்மை நேரம் நெருங்க நெருங்கக் கூடுகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஆண்டவருக்கு என் வாய்க்குள் வர விருப்பமில்லை. பின்னே, தினமும் சாயங்காலம் பெற்ற மகளிடம் பொய் சொல்லுகிற வாய்தானே அது.

இப்படி யோசிக்கிறவளைப் பைத்தியம் என்பீர்கள். ஆனால் ஓட்டை வீட்டில் மழை பெய்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்ப்பதுபோல, தனியாக இருக்கிறவளின் மனது தன் குறையைத்தான் முதலில் தேடிப் போகும்.

பாஸ்கா வந்தது, ஈஸ்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உயிர்ப்புப் பெருவிழாப் பூசையில் கோவில் கொள்ளாத கூட்டம். குழந்தை குட்டிகளோடு எல்லோரும் நன்மைக்குப் போனார்கள். என் மகளும் வந்திருந்தாள். "நீ வரலையாம்மா?" என்றாள். "நீ போ, முட்டி வலிக்குது" என்றேன். இன்னொரு பொய். பாஸ்கா காலத்தில் ஒருமுறையாவது நன்மை வாங்கவேண்டும் என்பது எங்களுக்குத் திருச்சபைக் கட்டளை. அறுபது வருடத்துக்கு மேலாக நான் அதில் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. பிள்ளை பெற்ற வருடத்தில்கூடத் தவறியதில்லை. பாஸ்கா காலம் தூய ஆவித் திருவிழாவோடு முடிந்துவிடும். ஏழு வாரம் இருந்தது. அதற்குள் இது நிற்காவிட்டால் நான் வெளியே தள்ளப்பட்டவள் என்றுதான் அர்த்தம் என்று எனக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிற்று. வெங்காயம் ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கமிஷன் கடைக்காரர்கள் சின்ன வெங்காய மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். சருகும் அழுகலும் நீக்கிக் கொடுப்பது என் வேலை. கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால் வந்த தண்ணீர் இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குக் கோவிலுக்குப் போய்விட்டேன்.

எங்கள் கோவிலுக்குப் புதிதாக வந்த சாமியார் இளவயதுக்காரர். பாவம் சொல்லுகிற மரத்தொட்டிக்கு நடுவில் வலைத்தட்டி இருந்ததால் முகம் தெரியாது. அதுதான் எனக்குத் தைரியம்.

"சாமி, பொய் சொன்னேன்."

"எத்தனை தடவைம்மா?"

"தினமும் ஒண்ணு. சாம்பல் புதன்லேர்ந்து."

"யார்ட்ட?"

"எம் மகள்ட்ட. பல்லைப் போடாமயே போட்டிருக்கேன்னு சொன்னேன். அதுக்காகத்தான் ஆண்டவர் கோவிச்சுக்கிட்டு, ஞாயித்துக்கெழம ஆனா என் வாயில தண்ணியா விடுறாரு. நன்மை வாங்க விட மாட்டேங்குறாரு."

"கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்கம்மா" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையைக் கிண்ணத்தில் அலசியது வரைக்கும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"அந்தப் பல்லு இப்ப எங்கம்மா இருக்கு?"

"பீரோல சாமி. கல்யாணச் சேலைக்கு அடியில."

இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. இருமல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"அம்மா, ஆண்டவர் யார் வாயிலயும் தண்ணிய ஊத்தித் தண்டிக்க மாட்டாரு. சேலையில விழுந்தது எச்சிதான். நீங்க அலசிச் செடிக்கு ஊத்துனதே அதுக்கு மரியாதை. இப்ப ஒரு கணக்குப் பாப்போமா? டாக்டர் ரெண்டு வாரத்துல பழகிரும்னு சொன்னாங்க. இதுவரைக்கும் பல்லு உங்க வாயில எத்தனை நேரம் இருந்திருக்கு?"

"ஒரு ஞாயித்துக்கு ரெண்டு மணி நேரம் இருக்கும் சாமி. வீட்டுக்கு வந்ததும் கழட்டிருவேன்."

"பத்து ஞாயிறு போட்டிருப்பீங்களா? இருபது மணி நேரம். ஒரு நாள்கூட முழுசா ஆகலையேம்மா. அந்த ரெண்டு வாரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

பீரோவில் இருந்தாலும் பல் என்னுடையதுதானே, நாள் தன்னால் ஓடிவிடும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"பொய் சொன்னதுக்கு ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுங்க. அதோட இன்னொரு அபராதமும் தாரேன். திங்கக்கெழம பல்லை எடுத்துக்கிட்டுப் பல் டாக்டர்ட்ட போகணும். போயி, வாய்விட்டுப் பேசணும். தலைய மட்டும் ஆட்டிட்டு வரக்கூடாது."

திங்கட்கிழமை டப்பாவோடு போனேன். நாத்தனாரும் கூட வந்தாள். அதே டாக்டரம்மா பல்லைக் கையில் வாங்கினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் சட்டென்று மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா வாசம் இது? பாச்சை உருண்டையா?"

"பீரோல சேலைக்குப் போடுவோம்ல…"

"ஆத்தாடி! மதினி பல்லைப் பூச்சி அரிச்சிரும்னு காவல் வச்சிருக்கா" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது விஷம்மா. வாயில வைக்கிற பொருள் பக்கத்துலயே வரக்கூடாது. இந்தக் கார வாசத்துக்கே வாய் தண்ணியா விடும். தண்ணிலதான் போட்டு வைக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே. காய விட்டதுல பொருத்தமும் மாறியிருக்கும் பாருங்க."

நன்றாகக் கழுவி மாட்டிப் பார்த்தாள். இடது பக்கம் கீழே ஓரம் ஈறில் குத்துகிறது என்று கண்டுபிடித்தாள். முதல் நாளில் இருந்தே எனக்கு அங்கே உறுத்தல் இருந்தது. புதுப் பல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இப்போது சாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஆமாங்க, குத்துது. சாப்பிடும்போது இல்ல, முழுங்கும்போது" என்று வாய்விட்டுச் சொன்னேன். குத்துகிற இடத்துக்குப் பயந்து நான் சரியாக விழுங்காமல் விட்டிருக்கிறேன். ஊறுவதும் அதிகம், விழுங்குவதும் குறைவு. பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்ன இரண்டுமே என் வாயில்தான் இருந்திருக்கிறது.

சின்ன மிஷினில் அந்த ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். தண்ணீரை மாற்றி மாற்றி நாலு நாள் ஊறவைக்கச் சொன்னாள். வாசம் முழுக்கப் போனால் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போடலாம், போகாவிட்டால் வேறு செய்யவேண்டியதுதான் என்றாள். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடம் என்ன சொல்வேன்? குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். குடிக்க வைத்திருந்த குடத்தில் இருந்து மொண்டு மொண்டு மாற்றினேன். வேளைக்கு ஒருதரம் நாத்தனாரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வேன். "ஒரு நாத்தனா செய்யிற வேலையா இது" என்று திட்டிக்கொண்டே மோந்து பார்ப்பாள். நாலாம் நாள் காலையில், "ஒண்ணும் இல்ல மதினி, வெறும் பல்லு" என்றாள். டாக்டரம்மாவும் அதையே சொன்னாள்.

அதன் பிறகு தினமும் காலையில் பல்லைப் போட்டேன். முதல் நாள் இரண்டு மணி நேரம், அடுத்து நாலு, அப்புறம் பகல் முழுவதும். இரவு கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவேன். டாக்டரம்மா சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். தலையைக் கவிழ்க்காமல் நிமிர்ந்து உட்காரவேண்டும். உதட்டை மூடி, நாக்கை மேலே ஒட்டி, நினைவு வந்தபோதெல்லாம் விழுங்கவேண்டும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவேண்டும். மிட்டாயும் புளிப்பும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கூச்சப்படாமல் சத்தமாகப் படிக்கவேண்டும், அப்போதுதான் நாக்கு பல்லோடு பழகும்.

கடைசிதான் கஷ்டம். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, பொட்டலம் கட்டி வந்த பேப்பரை விரித்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். 'அரிசி விலை' என்று படித்தால் நடுவில் விசில் வரும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் கத்துவாள்.

"யாரு மதினி அங்க, குக்கரா நீயா?"

முதல் மூன்று நாள் மடியில் துண்டு போட்டுக்கொண்டுதான் வெங்காயம் ஆய்ந்தேன். துண்டு நனைந்துகொண்டே இருக்கும். கழற்றி எறிந்துவிடலாமா என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பேன். ஒரு வாரம் தாண்டியிருக்கும். ஒரு மூட்டை முடிந்து அடுத்த மூட்டையைப் பிரிக்கும்போது துண்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. வாயில் பல் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்தேன். இருந்தது. அவ்வளவு நேரமாக அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"பல்லு போட்டிருக்கியாம்மா?"

"போட்டிருக்கேன்த்தா. இப்பத்தான் நெசமாவே போட்டிருக்கேன். இத்தனை நாளாச் சொன்னது பொய்."

மில் பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது.

"எனக்குத் தெரியும்மா. பல்லு போட்டா உனக்கு விசில் வரும். போன்ல நீ ஒரு நாளும் விசிலே அடிக்கல."

"தெரிஞ்சுமா தினமும் கேட்ட?"

"என்னைக்காச்சும் போடுவேல்ல. அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். எதுக்கும்மா எடுத்து வச்ச, தேஞ்சுருமுன்னா? தேயட்டும். தேயத்தானே வாங்குனது."

தூய ஆவித் திருவிழா ஞாயிறு. நாத்தனார் எனக்கு முன்னால் நடந்தாள். பூசை ஆரம்பித்ததில் இருந்து வாய் சாதாரணமாக இருந்தது. நன்மை நேரம் வந்ததும் எழுந்தேன். பின்பெஞ்சில் யாரோ மெல்ல எதையோ சொல்வது கேட்டது. நான் திரும்பவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர், பிறகு ஐந்து பேர், பிறகு நாத்தனார். திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பின்னால் நின்றவர்கள் வழி விடமாட்டார்கள் போல நெருக்கி நின்றார்கள். நல்லதாகப் போயிற்று.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார்.

"ஆமென்" என்றேன். நாக்கை நீட்டினேன்.

இடத்துக்கு வந்து முட்டி போட்டேன். அப்பம் அசையவில்லை. பயத்தில் வாய் பாலைவனம் போல வறண்டு போயிருந்தது. மேல் அண்ணத்தில் இருந்த பல் செட்டின் தட்டில் நன்மை ஒட்டிக்கொண்டுவிட்டது. நாக்கால் நெம்பினேன், வரவில்லை. விரலை விட்டு எடுக்க முடியுமா? பாவம். பல்லைக் கழற்ற முடியுமா? நினைக்கவே கூடாது. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிய எச்சில் இப்போது ஒரு சொட்டு இல்லை.

"ஆண்டவரே, கொஞ்சம் எச்சில் கொடும்" என்று வேண்டினேன். அறுபது வருடத்தில் நன்மை வாங்கிய பிறகு நான் வேண்டாத வேண்டுதல் அது.

பக்கத்தில் இருந்து நாத்தனார் முழங்கையால் இடித்தாள். "முழுங்கிட்டியா?" என்று அவள் ரகசியமாகக் கேட்டது மூன்று பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டை இறுக்கி மூடினேன். சிரிப்பை அடக்க அடக்க நாக்குக்கு அடியில் இருந்து மெல்ல, குளிர்ச்சியாக ஊறியது. தட்டில் ஒட்டியிருந்த அப்பம் இளகி நாக்கில் இறங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைத் திறக்காமல் விழுங்கினேன்.

தாடையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. நாத்தனாரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பாட்டு ஆரம்பித்திருந்தது. முதல் அடி போய்விட்டது, இரண்டாம் அடியில் நானும் சேர்ந்துகொண்டேன்.